[செண்ட் 1] ஏன் உருவாகவில்லை? ப்யூர் டேட்டா பெட்டிகள் எதை எண்ணாகவும் எதைப் பெயராகவும் வாங்குகின்றன

வியாசர்பாடித் தம்பியின் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பெட்டிகளை வயரால் இணைத்து ஒலியைக் கையாளும் மென்பொருள் ப்யூர் டேட்டா. கானா குழு ஒன்றுக்காக அதில் நான்கு மைக்குக்கும் எக்கோ போடுகிற பேட்ச் (பெட்டிகளும் வயர்களும் சேர்ந்த வரைபடம்) ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். ஒரு மைக்குக்கான ஃபைலைத் தனியாகத் திறந்தால் ஒரு பிழையும் இல்லை. 'சேனல்' என்ற அந்த ஃபைலையே பெரிய பேட்சுக்குள் [சேனல் 1], [சேனல் 2] என்று நான்கு முறை போட்டதும் உள்ளே இருக்கும் [செண்ட் $1], அதாவது ஒரு பெயரைச் சொல்லி வயரில்லாமல் செய்தி அனுப்பும் பெட்டி, உருவாக மறுக்கிறது. எக்கோவுக்காக ஒலியைச் சேமித்து வைக்க அந்த ஃபைலில் பிறகு சேர்த்த [டிலேரைட்~ 500 எக்கோ] என்ற பெட்டியும் உருவாகவில்லை. அதனால், மென்பொருளோடு கூடவே வரும் ஆப்ஜெக்டுகள் (இந்தப் பெட்டிகள்தான்) ஒவ்வொன்றும் என்ன வகை ஆர்க்யூமென்ட் (பெட்டியில் ஆப்ஜெக்ட் பெயருக்குப் பின் எழுதும் மதிப்பு) வாங்கும் என்று ஒரு பட்டியல் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். பட்டியல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் பேட்ச் நின்றது பட்டியல் இல்லாததால் அல்ல. தனியாகத் திறந்தால் ஓடுகிற ஃபைல் உள்ளே போட்டால் ஏன் ஓடவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் பாதிப் பட்டியல் உங்களுக்குத் தேவைப்படாது.

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு இருபது வருஷமாக மேடை ஒலி பார்க்கிறேன். அதில் பத்து வருஷத்துக்கு மேல் இந்த மென்பொருளோடும் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். நான் சொல்வதெல்லாம் மில்லர் பக்கெட் எழுதிய அடிப்படைப் பதிப்புக்கு, வெனிலா என்கிறோமே, அதற்குப் பொருந்தும். பிறர் எழுதிச் சேர்க்கும் எக்ஸ்டர்னல்களில் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு வழக்கம் வைத்திருப்பார்கள். அவற்றுக்கு இந்தப் பதிலை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இன்னொன்று, பெட்டிக்குள் எழுதுவதை இங்கே சதுர அடைப்புக்குள் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஆப்ஜெக்ட் பெயர்களை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. பெட்டிக்குள் நீங்கள் தட்டும் வரியை ப்யூர் டேட்டா இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டித் துண்டாக்குகிறது. ஒவ்வொரு துண்டையும் பார்த்து அது எண்ணா என்று மட்டும் கேட்கிறது. எண் என்றால் ஃப்ளோட். இல்லையென்றால் சிம்பல், அதாவது ஒரு பெயர். பெட்டியில் தட்டி உருவாக்கும் ஆர்க்யூமென்ட்டுக்கு இந்த இரண்டு வகைதான். முழு எண்ணுக்கென்று தனி வகை இல்லை, உண்மை-பொய்க்கென்று தனி வகை இல்லை, மேற்கோள் குறி போட்டுச் சரமாக்கும் வழியும் இல்லை. 5 என்று தட்டினால் அது எண்தான்; அதை 'ஐந்து என்ற பெயர்' என்று அது எடுத்துக்கொள்ளாது. 5-குரல் என்று தட்டினால் அது முழுவதும் எண்ணாக இல்லை, ஆகவே பெயர். இதில் ஒரு பொறி உண்டு: ஒன்று, ஆங்கில ஈ, மூன்று என்று சேர்த்துத் தட்டினால் பார்க்க வீட்டு எண் மாதிரி இருக்கும், ப்யூர் டேட்டாவுக்கு அது ஆயிரம். பத்தின் அடுக்கைக் குறிக்கும் எழுத்து அது. பெயர் வைக்கும்போது எழுத்தில் தொடங்கிவிடுங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம், [செண்ட் குரல்] என்று 'குரல்' மட்டும் தமிழில் தட்டினாலும் வேலை செய்யும். திரையில் எழுத்து ஒழுங்காகத் தெரிவது உங்கள் கணினியைப் பொறுத்தது.

இனி வாங்குகிற பக்கம். ஆப்ஜெக்டுகள் இரண்டு குணத்தில் இருக்கின்றன. ஒரு வகை, ரேஷன் கடை வரிசை மாதிரி, இந்த இடத்தில் எண், அடுத்த இடத்தில் பெயர் என்று இடம் குறித்து வைத்திருக்கும். இன்னொரு வகை, என்ன கொடுத்தாலும் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு தானே பிரித்துப் பார்க்கும். மூல நிரலில் இந்த இரண்டாம் வகைக்கு வைத்திருக்கும் குறியே 'கிம்மி', அதாவது 'கொடு' என்பதுதான். முதல் வகையில் [ஆஸ்க்~ 440], [ரேண்டம் 10], [மோசஸ் 60], [+ 5], [செண்ட் குரல்] எல்லாம் வரும். இரண்டாம் வகையில் [செலக்ட்], [ரூட்], [பேக்], [ட்ரிகர்], [*~], [பிரிண்ட்] எல்லாம் வரும். ஒரு பெட்டி எந்த வகை என்று தெரிந்துவிட்டால் அது தவறான ஆர்க்யூமென்ட்டுக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நான் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

இடம் குறித்த வகை கறாரானது. எண் வேண்டிய இடத்தில் பெயர் வந்தால் பெட்டியே உருவாகாது. [ஆஸ்க்~ சாரங்கி] என்று தட்டிப் பாருங்கள், விளிம்பு கோடு கோடாக உடைந்து நிற்கும். பிழைகளைக் காட்டும் கன்சோல் சன்னலில் இரண்டு வரி வரும். ஒன்று, 'ஆப்ஜெக்ட்மேக்கர்' என்பதற்கு அனுப்பிய ஆர்க்யூமென்ட் சரியில்லை என்று சொல்லும். அடுத்தது, உருவாக்க முடியவில்லை என்று சொல்லும். இந்த முதல் வரியைக் கவனிக்கப் பழகுங்கள். ஆப்ஜெக்டின் பெயரையே தப்பாகத் தட்டியிருந்தால் 'உருவாக்க முடியவில்லை' மட்டும்தான் வரும். ஆப்ஜெக்ட்மேக்கர் பற்றிய வரி வராது. அந்த வரி வந்துவிட்டால் பெயர் சரி, வகைதான் தவறு என்று அர்த்தம். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் எழுத்துப் பிழையைத் தேடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கறார் என்றாலும் இரண்டு விஷயத்தில் அது விட்டுக்கொடுக்கும், அந்த இரண்டும்தான் ஆபத்து. ஒன்று, ஆர்க்யூமென்ட் குறைந்தால் எண்ணுக்குப் பதில் சுழியமும், பெயருக்குப் பதில் வெற்றுப் பெயரும் வைத்துக்கொள்ளும். [ஆஸ்க்~] என்று வெறுமனே போட்டால் சுழிய ஹெர்ட்ஸ். பிழை இல்லை, ஓசையும் இல்லை. இரண்டு, கூடுதலாகக் கொடுத்தால் மிச்சத்தைக் கீழே போட்டுவிடும். நான் பயன்படுத்திய பதிப்புகளில் [ஆஸ்க்~ 440 0.2] என்று எழுதினால் அந்த 0.2 எங்கேயும் போய்ச் சேரவில்லை, ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. 0.2 என்பது ஒலி அளவு என்று நினைத்து எழுதிவிட்டு முழு வீச்சில் ஹெட்ஃபோனில் வாங்கியவர்கள் உண்டு. புதிய பேட்சை முதன்முதலில் ஒலிக்கவிடும்போது ஹெட்ஃபோனைக் காதிலிருந்து தள்ளிவையுங்கள்.

இப்போது உங்கள் [டிலேரைட்~ 500 எக்கோ]. இது இடம் குறித்த வகை. முதல் இடம் பெயர், இரண்டாம் இடம் மில்லி வினாடியில் நீளம். நீங்கள் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். [டிலேரைட்~ எக்கோ 500] என்றால் உருவாகிவிடும். வாசிக்கிற பக்கமும் அதே வரிசை, [டிலேரீட்~ எக்கோ 300]. இங்கே 300 என்பது எவ்வளவு பழைய ஒலியை எடுப்பது என்பது. எழுதும் பக்கத்தில் குறித்த நீளத்துக்குள் அது அடங்க வேண்டும்.

அந்த எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நம் பகுதி மேடைக்கு இது முக்கியம், சொல்லிவிடுகிறேன். ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். காசிமேடு, ராயபுரம் பக்கம் ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவில் தெரு முழுக்க கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறோம். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருக்கும் கம்பத்தில் நிற்பவருக்கு மேடை ஒலி 100 மில்லி வினாடி தாமதமாக வரும், அந்தக் கம்பத்து ஸ்பீக்கர் உடனே வரும். இரண்டும் சேர்ந்து பாட்டு இரட்டிக்கும். அந்தக் கம்பத்துக்குப் போகும் ஒலிக்கு [டிலேரீட்~ தெரு 100] போட்டால் இரண்டும் ஒன்றாகும். நீங்கள் பாடகருக்குக் கொடுக்கும் எக்கோ வேறு கணக்கு. நிமிடத்துக்கு 120 தாள அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லி வினாடி, பாதி அடி 250. எக்கோ தாளத்தோடு உட்கார வேண்டுமென்றால் இந்த எண்களில் வையுங்கள். கானாவில் சொல் முக்கியம். எக்கோ தாளத்துக்கு வெளியே விழுந்தால் சொல் கலங்கிவிடும்.

அடுத்து [செண்ட் $1]. இதைப் பொறுமையாகப் பாருங்கள். [சேனல் 1] என்று நீங்கள் போட்டதும், அந்த ஃபைலுக்குள் இருக்கும் $1 எல்லாம் 1 ஆக மாறுகிறது. ஆக உள்ளே [செண்ட் 1] என்று ஆகிறது. செண்ட் இடம் குறித்த வகை, அந்த இடம் பெயருக்கானது. 1 ஒரு எண். கதவு மூடிவிட்டது. நான்கு சேனலும் நான்கு எண், நான்கும் உருவாகவில்லை.

அப்படியானால் ஃபைலைத் தனியாகத் திறந்தபோது ஏன் பிழை வரவில்லை? அங்கேதான் இந்த மொழியின் ஒரு பழைய ஒட்டு இருக்கிறது. தனியாகத் திறந்த ஃபைலுக்கு யாரும் ஆர்க்யூமென்ட் கொடுக்கவில்லை. நிரப்பப்படாத $1 சுழியமாகிறது. ஆக [செண்ட் 0]. சுழியமும் எண்தான், அதையும் மறுத்திருக்க வேண்டும். ஆனால் மூல நிரலில், பெயர் வேண்டிய இடத்தில் சுழியம் வந்தால் அது நிரப்பப்படாத டாலராக இருக்கலாம் என்று நினைத்து அதை வெற்றுப் பெயராக எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறார்கள். உண்மையான சுழியமும் இதில் நுழைந்துவிடும், அது சரியாகப் படவில்லை என்று அந்த வரிக்கு மேலேயே நிரல் எழுதியவரின் குறிப்பும் இருக்கிறது. ஆகவே உங்கள் ஃபைல் தனியாக 'ஓடியது' என்பது அது சரியாக இருந்ததற்குச் சான்று இல்லை. பெயரே இல்லாத ஒரு செண்ட் உள்ளே உட்கார்ந்திருந்தது. அது யாருக்கும் எதையும் அனுப்பவில்லை.

தீர்வு சின்னது. [செண்ட் $1-எக்கோ] என்று எழுதுங்கள். $1 இடத்தில் 1 வந்தால் மொத்தத் துண்டும் 1-எக்கோ ஆகிறது, அது பெயர். மறுபக்கம் [ரிசீவ் 1-எக்கோ]. இதே காரணத்துக்காகத்தான் அனுபவமுள்ளவர்கள் [செண்ட் $0] என்று எழுதாமல் [செண்ட் $0-ஒலி] என்று எழுதுகிறார்கள். $0 என்பது திறக்கப்படும் ஒவ்வொரு பேட்சுக்கும் மென்பொருளே கொடுக்கும் தனி எண், ஆயிரத்துக்கு மேல் தொடங்கும். அதுவும் எண் என்பதால் தனியாகப் பெயராக நிற்க முடியாது. ஒட்டு வைத்தால் நிற்கும். நான்கு மைக்கின் உள் வேலைகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க உங்களுக்கு $0-வும் தேவைப்படும். டிலேரைட் பெயரை நான்கிலும் 'எக்கோ' என்றே வைத்தால் நான்கு பேரும் ஒரே பெயருக்குச் சண்டை போடுவார்கள். [டிலேரைட்~ $0-எக்கோ 500] என்று மாற்றிவிடுங்கள். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த பிழை இங்கேதான் வரும்.

டாலர் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, ஏனென்றால் எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. ஆப்ஜெக்ட் பெட்டியில் இருக்கும் $1, அந்த ஃபைலை உருவாக்கியபோது கொடுத்த முதல் ஆர்க்யூமென்ட். மெசேஜ் பெட்டியில் (தட்டினால் செய்தி அனுப்பும் பெட்டி) இருக்கும் $1, அந்தப் பெட்டிக்கு அப்போது வந்து சேர்ந்த செய்தியின் முதல் துண்டு. ஒன்று பிறக்கும்போதே நிலைத்துவிடும், மற்றது ஒவ்வொரு முறையும் மாறும். மெசேஜ் பெட்டிக்குள் சேனல் எண்ணைக் கொண்டுவர வேண்டுமென்றால் [ஃப்ளோட் $1] பெட்டியில் அதைப் பிடித்து வைத்து அங்கிருந்து அனுப்புங்கள்.

நிரப்பப்படாத டாலர் சுழியமாவதால் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தெரு விழாவில் ஐந்து சேனல் பேட்ச் வைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் எண், ஒலி அளவு என இரண்டு ஆர்க்யூமென்ட். ஐந்தாவதற்கு அளவைக் கொடுக்க மறந்துவிட்டேன். உள்ளே இருந்த [*~ $2] சுழியத்தால் பெருக்கிக்கொண்டிருந்தது. கன்சோலில் ஒரு வரிகூட இல்லை. தவில்காரர் வாசித்துக்கொண்டே இருக்கிறார், அவருடைய மைக் மட்டும் ஊமை. கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், மிக்ஸரில் தேடினேன். இருபது நிமிடம் போன பிறகுதான் பேட்சைப் பார்க்கத் தோன்றியது. அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதிலிருந்து ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் வந்த ஆர்க்யூமென்ட்டை [பிரிண்ட்] போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறுகிறேன். நீங்களும் பேட்ச் திறந்ததும் தானே இயங்கும் [லோட்பேங்]கிலிருந்து [ஃப்ளோட் $2] வழியாக [பிரிண்ட் அளவு] என்று ஒரு கோடு இழுத்து வையுங்கள்.

மொத்தமாக வாங்கும் வகைக்கு வருகிறேன். இங்கே ஆர்க்யூமென்ட் மதிப்பை மட்டும் வைப்பதில்லை, பெட்டியின் உருவத்தையே மாற்றுகிறது. இதைப் பட்டியல் பார்த்துக் கற்றவர்கள் தவறவிடுகிறார்கள். [*~] என்று ஆர்க்யூமென்ட் இல்லாமல் போட்டால் வலது இன்லெட் (பெட்டியின் மேலே வயர் செருகும் உள்வாய்) ஒலி சிக்னல் வாங்கும். [*~ 0.5] என்று எண் கொடுத்தால் அதே வலது இன்லெட் வெறும் எண் வாங்கும் இடமாக மாறிவிடும், அங்கே சிக்னல் வயரைக் கொண்டுபோய்ச் செருக முடியாது. உங்கள் பேட்சில் ஃபேடரை இழுக்கும்போது கரகரவென்று ஒலி வருகிறதா? எண் படிப்படியாகத் தாவுவதால் வருவது அது. [லைன்~] வைத்து வழுக்கலாக ஏற்றி இறக்க வேண்டும். லைன்~ சிக்னல் தருவது, ஆகவே பெருக்கும் பெட்டி [*~] என்று காலியாக இருக்க வேண்டும். பாதுகாப்புக்காக [*~ 0] என்று எழுதிவைத்தால் வயர் ஏறாது. இங்கே சுழியம் கொடுப்பதும் ஒன்றுமே கொடுக்காமல் விடுவதும் ஒன்றல்ல. இடம் குறித்த வகையிலோ இரண்டும் ஒன்றுதான். [+] என்பதும் [+ 0] என்பதும் ஒரே பெட்டி.

[செலக்ட்] அதேபோல. ஒரே ஒரு ஆர்க்யூமென்ட் கொடுத்தால், தேடும் மதிப்பைப் பிறகு மாற்றிக்கொள்ள வலது இன்லெட் ஒன்று கிடைக்கும். அந்த இன்லெட் எண் வாங்குமா பெயர் வாங்குமா என்பதை நீங்கள் கொடுத்த அந்த ஒரு ஆர்க்யூமென்ட்டின் வகை முடிவுசெய்யும். ஒன்றுமே கொடுக்காவிட்டால் எண் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே பெயர் தேடப்போகும் செலக்ட் என்றால் ஏதாவது ஒரு பெயரை முதலில் போட்டு வையுங்கள். [ரூட்] எண் கொடுத்தால் லிஸ்ட்டின் முதல் எண்ணைப் பார்க்கும். பெயர் கொடுத்தால் செய்தியின் தலைச்சொல்லைப் பார்க்கும். எண்ணையும் பெயரையும் ஒரே பெட்டியில் கலப்பது பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும் இடம். நான் கலப்பதே இல்லை, இரண்டு பெட்டியாகப் பிரித்துவிடுவேன்.

[பேக்] (பல மதிப்புகளை ஒரே லிஸ்ட்டாகக் கட்டுவது) மற்றும் [ட்ரிகர்] (வந்த செய்தியைப் பல வழிக்கு வரிசையாக அனுப்புவது) இரண்டிலும் ஆர்க்யூமென்ட் என்பது மதிப்பின் பெயர் அல்ல, வகையின் பெயர். [பேக் ஃப்ளோட் சிம்பல்] என்றால் முதல் இன்லெட் எண், இரண்டாவது பெயர். பேக்குக்கு எண்ணையே கொடுத்தால் அது எண் வகை என்பதோடு தொடக்க மதிப்பும் ஆகும். மூல நிரல் அந்தச் சொல்லின் முதல் ஆங்கில எழுத்தை மட்டும்தான் பார்க்கிறது. அதனால்தான் ஒற்றை எழுத்துச் சுருக்கம் வேலை செய்கிறது. எஸ் எழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லைப் போட்டாலும் சிம்பல் என்று எடுத்துக்கொள்ளும். தெரியாத எழுத்தென்றால் 'தவறான வகை' என்று கன்சோலில் சொல்லிவிட்டு எண்ணாக வைத்துக்கொள்ளும். இங்கே பெட்டி உருவாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். கன்சோலைப் பார்க்காதவருக்குத் தெரியவே தெரியாது. ட்ரிகரில் வரிசையும் பொருள் தரும்: வலது அவுட்லெட்டிலிருந்து (பெட்டியின் கீழே உள்ள வெளிவாய்) இடது நோக்கித்தான் செய்தி போகும். [பைப்] வேறு மாதிரி. கடைசி ஆர்க்யூமென்ட் தாமத நேரம், அதற்கு முன் வருவதெல்லாம் எதைத் தாமதப்படுத்துவது என்ற வகை. [பைப் 500] என்றால் ஓர் எண்ணை அரை வினாடி தாமதிக்கும். [பைப் சிம்பல் 500] என்றால் ஒரு பெயரை.

சீரான இடைவெளியில் தட்டும் [மெட்ரோ] முன்பு ஒரே எண் வாங்கியது. இப்போது [மெட்ரோ 1 120 பெர்மின்] என்று எழுதலாம், நிமிடத்துக்கு 120 அடி. எண், எண், பெயர் என்று மூன்று. பழைய வீடியோக்களில் இது இருக்காது. உங்கள் குழு வேகத்தை அடிக்கணக்கில்தான் பேசும், மில்லி வினாடியில் அல்ல. ஆகவே இப்படி எழுதுவது உங்களுக்குச் சுலபம்.

எண்ணைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பெரும்பாலானோர் கையில் இருக்கும் பதிப்பில் எண் என்பது 32 பிட் மிதவை எண். முழு எண்களில் 1,67,77,216 வரைதான் ஒன்றுவிடாமல் துல்லியமாக நிற்கும். அதற்கு மேல் சில எண்கள் பக்கத்து எண்ணோடு ஒன்றாகிவிடும். தாளத்துக்கும் ஒலிக்கும் இது தாராளம். ஆனால் என்னிடம் படித்த பையன் ஒருவன் பத்து இலக்கக் கைபேசி எண்ணை இதில் போட்டுப் பார்த்தான், கடைசி இலக்கங்கள் மாறிப்போய் வந்தன. நீளமான ஆடியோ ஃபைலில் சாம்பிள் எண்ணை வைத்து இடம் தேடினாலும் இதே சிக்கல். வினாடிக்கு 44,100 சாம்பிள் என்றால் ஆறரை நிமிடத்துக்குள் அந்த எல்லை வந்துவிடும். முழுக் கச்சேரியையும் ஒரே டேபிளில் (சாம்பிள்களை வரிசையாக வைக்கும் இடம்) ஏற்ற நினைத்தால் இதை மனதில் வையுங்கள்.

கேள்வியோடு நீங்கள் அனுப்பிய வீடியோ மேக்ஸ் என்ற மென்பொருளுடையது, ப்யூர் டேட்டாவுடையது அல்ல. குழப்பத்தில் ஒரு பங்கு அங்கிருந்தும் வந்திருக்கும். இரண்டுக்கும் மூலம் ஒருவர்தான். மேக்ஸை மில்லர் பக்கெட் 1980-களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது தொடங்கினார். ப்யூர் டேட்டாவை 1990-களில் எழுதினார். படம் ஒன்றுபோல இருந்தாலும் ஆர்க்யூமென்ட் விஷயத்தில் பெரிய வேறுபாடு உண்டு. மேக்ஸில் முழு எண் தனி வகை. அங்கே [/ 2] என்று எழுதினால் 5 உள்ளே போய் 2 வெளியே வரும். புள்ளி வைத்து [/ 2.] என்று எழுதினால்தான் 2.5 வரும். ப்யூர் டேட்டாவில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் 2.5. முழு எண்தான் வேண்டுமென்றால் [டிவ் 2] அல்லது [இன்ட்] போட வேண்டும். மேக்ஸ் வீடியோவில் பார்த்த புள்ளிகளுக்கு இங்கே அர்த்தம் இல்லை, அங்கே அவை உயிர்நாடி.

பட்டியல் எங்கே என்றால், ப்யூர் டேட்டாவில் ஒரு பேட்சின் காலி இடத்தில் வலது கிளிக் செய்து ஹெல்ப் என்பதை அழுத்துங்கள். கூடவே வரும் ஆப்ஜெக்டுகள் அத்தனையும் ஒரே பேட்சாகத் திறக்கும். ஒரு பெட்டியின் மேல் வலது கிளிக் செய்து ஹெல்ப் கேட்டால் அந்தப் பெட்டிக்கான பக்கம் வரும். புதிய பதிப்புகளில் அதற்குள் 'ரெஃபரன்ஸ்' என்று ஒரு குட்டிப் பேட்ச் இருக்கும், அதில் இன்லெட், அவுட்லெட், ஆர்க்யூமென்ட் எல்லாம் வகையோடு எழுதியிருக்கும். அந்த ஹெல்ப் பக்கமே ஓடுகிற பேட்ச் என்பதால் அதிலேயே மாற்றிப் பார்க்கலாம், காப்பி எடுத்து ஒட்டலாம். பெட்டி உடைந்து நின்றால் ஃபைண்ட் மெனுவில் கடைசிப் பிழையைத் தேடும் வசதி இருக்கிறது, அது நேரே அந்தப் பெட்டியிடம் கொண்டுபோய் விடும்.

ஹெல்ப் பக்கம் சொல்வதும் நடப்பதும் ஒத்துப்போகாத இடத்தில் நான் மூல நிரலைப் பார்ப்பேன். அது எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. சி மொழி தெரியாவிட்டாலும் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் 'கிளாஸ்_நியூ' என்று ஒரு வரி இருக்கும், அந்த வரியின் கடைசியில் ஆர்க்யூமென்ட் வகைகள் வரிசையாக இருக்கும். 'டெஃப்ஃப்ளோட்' என்றால் எண், இல்லாவிட்டால் சுழியம். 'டெஃப்சிம்' என்றால் பெயர், இல்லாவிட்டால் வெற்றுப் பெயர். 'கிம்மி' என்றால் மொத்தமாக. செலக்ட், ரூட், பேக், ட்ரிகர் எல்லாம் 'எக்ஸ்_கனெக்டிவ்' என்ற ஒரே ஃபைலில் இருக்கின்றன. கூட்டல் கழித்தல் 'எக்ஸ்_அரித்' என்ற ஃபைலில், டிலேரைட் 'டி_டிலே' ஃபைலில். உங்கள் இரண்டு பெட்டிக்குமான வரியை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இதுதான் தம்பி: நான்கு சேனலிலும் செண்ட் பெயரை $1-எக்கோ ஆக்குங்கள், டிலேரைட்~ பெயரை முன்னால் கொண்டுவந்து $0 ஒட்டுங்கள், அதை வாசிக்கும் டிலேரீட்~ பெட்டியிலும் அதே பெயரைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு மைக்காகத் தட்டிப் பாருங்கள். நான்கில் ஏதாவது ஒன்று ஊமையாக இருந்தால் முதலில் [*~ $2] இருந்து அதற்கான மதிப்பைக் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் கன்சோலில் வந்த வரிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள், ஆப்ஜெக்ட்மேக்கர் என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதோடு.